ஜப்பானியப் பேனா நண்பரின் கடிதம்: கையெழுத்தைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய மொழி படிக்கும் சிலர், பேனா நண்பர்களிடமிருந்து வரும் கடிதங்களை என்னிடம் எடுத்து வருகிறார்கள். பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பவர்கள்கூட நாலு வரிக் கையெழுத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்கும் இடங்களும் நான் பழகிய காலத்தில் நின்ற அதே இடங்கள்தான். கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஒலியெழுத்து) 'ஷி', 'ட்சு' குழப்பம், மேலிருந்து கீழாக எழுதிய கடிதத்தை இடப்பக்கத்திலிருந்து தொடங்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பழகப் பழக அவை தானாகச் சரியாகும்.

அச்செழுத்தோடு ஒப்பிடுவது

ஜப்பானியத்தின் அன்றாட ஒலியெழுத்தான ஹிரகானாவின் 'கி', 'ஸா' இரண்டும் அச்சில் பெரும்பாலும் ஒரே வளைவாக ஒட்டியிருக்கும். கையால் எழுதினால் கடைசி வளைவு தனியே பிரிந்து நிற்கும். சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்தான கான்ஜியில் வித்தியாசம் இன்னும் அதிகம். இப்போதைய பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரான 'ரெய்வா'வின் முதல் எழுத்தையே பாருங்கள். 2019 ஏப்ரல் 1 அன்று அந்தப் பெயரை அறிவிக்க அரசு காட்டிய பலகையில் அதன் கடைசிக் கோடு நேராகக் கீழே இறங்கியது. கையால் எழுதும் பலர் அதன் அடிப்பகுதியைக் கத்தகானா 'மா' போல முடிக்கிறார்கள். இப்படிக் கையில் மாறி வரும் வடிவங்கள் தவறல்ல என்று ஜப்பானின் கலாசார முகமை 2016-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் 'க்யோகாஷோதாய்' எழுத்துருவோடு ஒப்பிடுங்கள். தொடக்கப்பள்ளிப் பாடநூல்களுக்காகக் கையெழுத்தை ஒட்டி அமைத்தது அது.

கைபேசி சொன்னதை நம்பிப் பதில் எழுதுவது

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஒரு மாணவிக்கு ஜப்பானில் வயதான பேனா நண்பர் ஒருவர் இருக்கிறார். வேகமான, அழகான கை. இவள் தன் குடும்பப் படத்தைத் தனி உறையில் அனுப்பியிருந்தாள். அது போய்ச் சேரவில்லை. அவருடைய அடுத்த கடிதம் வந்ததும் கைபேசிக் கேமராவைக் காட்டினாள். 'படத்தை வைத்திருக்கிறேன்' என்று மொழிபெயர்ப்பு வந்தது. சரி, கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகப் பதில் எழுதினாள். அவர் எழுதியிருந்ததோ 'படத்துக்காகக் காத்திருக்கிறேன்'. அவர் மறுபடியும் கேட்கவில்லை. கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. காரணம் புரியாமல் அவள் பழைய கடிதங்களை எடுத்து வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

'மத்தே இமாஸ்' என்றால் காத்திருக்கிறேன். 'மொத்தே இமாஸ்' என்றால் வைத்திருக்கிறேன். இரண்டு கான்ஜிக்கும் வலப்பாதி ஒன்றே, கோயிலைக் குறிக்கும் 'தெரா'. இரண்டுக்கும் 9 கோடுகள். முன்னால் வரும் 'ஓ' உருபும் பின்னால் வரும் ஹிரகானாவும் அப்படியே ஒன்று. வித்தியாசம் இடப்பாதியில் மட்டும். வைத்திருப்பதற்கு இருப்பது கைக்குறி, அதாவது 'கை' என்று பொருள்படும் பகுதி: குறுக்குக் கோடுகள் செங்குத்துக் கோட்டை வெட்டிப் போகும், செங்குத்தின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். காத்திருப்பதில் இரண்டு சாய்கோடுகள் இடப்பக்கம் விழும், செங்குத்து அவற்றுக்குக் கீழே தொடங்கும், கொக்கி கிடையாது. வேகமாக எழுதும் கையில் அந்தச் சாய்கோடுகள் செங்குத்தோடு ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் கைபேசி வழுக்கியது.

ஆனால் விடை அதே கடிதத்தில் இருந்தது. மூன்று வரி தள்ளி 'கிமொச்சி' என்று எழுதியிருந்தார். உணர்வு, மனநிலை என்று பொருள்படும் அந்தச் சொல்லில் வருவது கைக்குறி உள்ள கான்ஜிதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்: அவருடைய கை இரண்டு இடப்பாதிகளையும் வேறு வேறாகவே எழுதுகிறது.

கைபேசியிடம் எனக்குள்ள கோபம் தப்பாகப் படிப்பது பற்றியது அல்ல. நாமும் தப்பாகப் படிப்போம். 'இந்த எழுத்து புரியவில்லை' என்று அது சொல்வதில்லை, வழவழப்பான ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிடுகிறது. பழைய ஏடுகளைப் படியெடுக்கும் ஜப்பானியர்கள் விளங்காத எழுத்துக்கு ஒரு காலிக் கட்டம் போடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் கடிதத்தை உங்கள் கையால் படியெடுங்கள், தெரியாத இடத்தில் கட்டம் போடுங்கள். அதே எழுத்து கடிதத்தில் வேறெங்கே வருகிறது என்று தேடுங்கள். பேனா எங்கே தொடங்கி எப்படிப் போயிருக்கும் என்று கோட்டு வரிசைப்படி விரலால் தடவிப் பாருங்கள், ஒட்டிக்கொண்ட கோடுகள் பிரிந்து தெரியும். அப்புறம் அகராதி. கேமரா கடைசியில்தான். அப்போதும் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு, அது எந்தெந்த எழுத்தாகப் படித்திருக்கிறது என்பதை மட்டும் உங்கள் படியோடு ஒப்பிடுங்கள்.

முதல் வரியிலேயே முட்டிக்கொள்வது

முறையான கடிதம் 'ஹைகெய்' என்று தொடங்கும். அடுத்து பருவகாலம் பற்றி ஒரு வாழ்த்து, கடைசியில் 'கெய்கு'. அந்தப் பருவ வாழ்த்தில் அன்றாடப் பேச்சில் வராத சொற்கள் இருக்கும். அதில் ஒரு மாலைப்பொழுதைச் செலவழிக்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த இடங்களிலிருந்து தொடங்குங்கள்: தேதி, 'ஹைகெய்', 'கெய்கு', முக்கியமாகக் கத்தகானாவில் எழுதிய உங்கள் பெயர். இவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பே தெரியும், அதனால் அந்தக் கை எப்படிப் போகிறது என்பதை இங்கேதான் கற்க முடியும். தேதியில் ரெய்வா 6 என்று இருந்தால் அது 2024, எண்ணோடு 2018-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

குஸுஷிஜி புத்தகம் வாங்குவது

வேண்டாம். குஸுஷிஜி என்பது பழைய ஏடுகளில் வரும், உருமாறிய வேகக் கையெழுத்து. பள்ளிகளில் ஓர் ஒலிக்கு ஒரு ஹிரகானா வடிவம் என்று 1900-இலேயே முடிவாகிவிட்டது.

சுருக்க வடிவங்களை அகராதியில் தேடுவது

கிழமையைக் குறிக்கும் 'யோ' எழுத்துக்கு 18 கோடுகள். அவசரத்தில் அதைப் பாதியாக்கி எழுதுபவர்கள் உண்டு. பல கான்ஜிகளில் வரும் 'வாசல்' என்ற உறுப்பு மேலே ஒரு சிறு கோடும் சுற்றி ஒரு வளைவுமாகச் சுருங்கிவிடும். கேட்பது, திறப்பது, மூடுவது, இடைவெளி எல்லாம் அந்த உறுப்புக்குள் இருப்பவை, ஆகவே உள்ளே இருப்பதை முதலில் படியுங்கள். வயதைக் குறிக்கும் 13 கோட்டு 'ஸாய்' எழுத்துக்குப் பதிலாக அதே ஒலியுள்ள 3 கோட்டு எழுத்தைப் போடுவதும் சாதாரணம்.

காலித் தாள்

பக்கம் எதுவும் தொலையவில்லை. ஒரே தாளில் முடிந்த கடிதத்தோடு வெற்றுத் தாள் ஒன்றைச் சேர்ப்பது பழைய மரியாதை.

'தெளிவாக எழுதுங்கள்' என்று கேட்பது

கேட்காதீர்கள். அடுத்த கடிதமே பாடப்புத்தகம் போல வரும், அந்தக் கையைப் பழகும் வாய்ப்பு போய்விடும். புரியாத ஒரு சொல்லை மட்டும் உங்கள் பதிலில் பார்த்தபடியே எழுதி, பக்கத்தில் நீங்கள் அதை எப்படிப் படித்தீர்கள் என்றும் எழுதிக் கேளுங்கள். மாணவியும் அப்படித்தான் கேட்டாள், கூடவே படத்தையும் மறுபடி வைத்து அனுப்பினாள்.