ஆஃப்செட் ஸ்மோக்கரில் சூட்டை நிலைநிறுத்த
பக்கவாட்டுத் தீயறையில் எரியும் விறகின் சூட்டாலும் புகையாலும் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பான ஆஃப்செட் ஸ்மோக்கரில் ஆட்டுத் தொடையை வேகவைக்க 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு போதுமானது. புகைபோக்கியை முழுவதும் திறந்தே வைத்துவிட்டு, தீயறையின் காற்றுத் துவாரத்தைக் கொண்டே சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். மூடியிலுள்ள மானியைவிட, இறைச்சிக்கு அருகே கம்பித் தட்டில் வைத்த வெப்பமானியே நம்பத்தக்கது.

இராமநாதபுரம் பகுதியில் எளிதில் கிடைக்கும் சீமைக் கருவேல விறகின் புகை காரமானது என்பதால், அதன் கரியைக் கொண்டு கங்குப் படுகை அமைத்து, நன்கு காய்ந்த சிறு சிராய்களை, முந்தியது பற்றி எரிந்து அடங்கும் தறுவாயில், ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே நல்லது. அடுத்த சிராயைத் தீயறையின் மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டால் அது உடனே பற்றிக்கொள்ளும். ஈர விறகோ மூச்சடைத்த தீயோ கக்கும் கெட்டியான வெண்புகை இறைச்சியைக் கசக்கச் செய்துவிடும். கண்ணுக்கு அரிதாகவே தெரியும் இளநீலப் புகைதான் நமக்குத் தேவை.

மண்டபம், பாம்பன் பக்கம் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) பலமாக வீசும் ஆடி மாதத்தில், துவாரம் காற்றுக்கு நேராக இருந்தால் சூடு கட்டுமீறி ஏறும். ஆகவே ஸ்மோக்கரைத் திருப்பி வைத்து, ஓலைத் தட்டியைத் தீயிலிருந்து நன்கு தள்ளி மறைப்பாகக் கட்டுங்கள்.