சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தின் வேரைத் தேடுவது எப்படி: மேற்கு வர்ஜீனியாவில் நான் தேடிய வழி

என் கணவரின் ஊர் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மிங்கோ கவுண்டி (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). அப்பலேச்சிய மலைக்குள்ளே நிலக்கரி வெட்டிப் பிழைத்த குடும்பம். பத்திரம், உயில் எதுவும் கிடையாது, குடியிருந்த வீடே கம்பெனி வீடு. சொத்துள்ளவர்கள் தேடும் வழி இங்கே பாதிதான் உதவும். நாங்கள் 1860 வரை போய்விட்டோம்.

முதலில் பெரியவர்களிடம் உட்காருங்கள். பெயரை மட்டும் கேட்காமல், எந்த ஓடைக்கரையில் வீடு, யாரை எங்கே புதைத்தார்கள் என்று கேளுங்கள். என் மாமியார் தன் பாட்டியை 'மேமா' என்றுதான் சொல்வார், அந்தப் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உண்மைப் பெயர் அவருக்கே கல்லறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கு. 72 வருஷம் கழித்துத்தான் வெளியிடுவார்கள், அதனால் இப்போதைக்கு 1950 தான் கடைசி. அங்கிருந்து பத்துப் பத்து வருஷமாகப் பின்னால் போங்கள். வம்ச ஆவணங்களைத் தேட உதவும் பேமிலிசர்ச் இணையதளம் இலவசம், அதுவே போதும். காசு கட்டும் தளங்களை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். மற்றவர்கள் போட்டு வைத்த வம்ச மரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவே வேண்டாம். 1890 தாள்கள் 1921 தீவிபத்தோடு பெரும்பாலும் போய்விட்டன, ஆகவே 1900-லிருந்து நேரே 1880.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். 1900-ல் மிங்கோவில் இருந்த குடும்பம் 1880-ல் அங்கே இல்லை. வேறெங்கிருந்தோ வந்து குடியேறியிருப்பார்கள் என்று நினைத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி கவுண்டி ஒவ்வொன்றாகப் புரட்டி மூன்று மாதம் போயிற்று. குடும்பம் எங்கேயும் நகரவில்லை. மிங்கோ கவுண்டியே 1895-ல்தான் லோகன் கவுண்டியிலிருந்து பிரிந்தது! லோகன் தாளைத் திறந்தால் அதே பக்கத்து வீட்டுப் பெயர்களோடு இருக்கிறார்கள். 1860-க்குப் போனால் மாநிலமே மாறிவிடும்: மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது 1863 ஜூன் 20, அதற்கு முன் 'லோகன், வர்ஜீனியா' என்றுதான் தேட வேண்டும். அதனால் எந்த வருஷத்தைத் தேடினாலும், அந்த நிலம் அப்போது எந்தக் கவுண்டி என்பதை முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இறப்புச் சான்றிதழ்கள் மாநில ஆவணக் காப்பகத் தளத்தில் படமாகவே இலவசமாகக் கிடைக்கும். தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நிற்காமல் படத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாளில் காரணம் 'ஸ்லேட் விழுந்தது' என்று ஒரே வரி, அதாவது சுரங்கக் கூரைப் பாறை இடிந்து மேலே விழுந்திருக்கிறது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும், ஆனால் தகவல் சொன்னவர் மருமகனா மகளா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

(சேர்த்தது: எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார் என்று எப்படித் தெரியும் என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முதல் உலகப் போருக்காக 1917, 1918-ல் எழுதிய ராணுவப் பதிவு அட்டைகளைப் பாருங்கள், முதலாளி பெயரும் வேலை செய்த இடமும் இருக்கும்.)

கடைசியாகக் கல்லறை. மே மாதவாக்கில் 'டெக்கரேஷன் டே' என்று உறவெல்லாம் மலைமேல் ஏறி, புல் வெட்டிப் பூ வைப்பார்கள். அன்றைக்குப் போங்கள். 1900 கணக்கில் ஒவ்வொரு தாய்க்கும் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒன்பது, ஐந்து. மீதி நாலு பேரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அந்த அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில், எழுத்தே இல்லாத ஓடைக்கற்கள் நாலு வரிசையாக நட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட கற்களையும் படம் எடுத்து, எது யாருக்குப் பக்கத்தில் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.