வளைந்துபோன தேவாலயச் சுவர்

1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தை, 28 மி.மீ. வீரர் பொம்மைகள் மோதும் மேசைப் போர் விளையாட்டுக் களத்தில் சிறு மாதிரியாக நிறுத்த வேண்டும் என்பது மண்டபத்தில் வசிக்கும் எனக்கு நெடுநாள் ஆசை. 1 மி.மீ. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடுகள் இரண்டை ஒட்டிச் சுவராக்கி, பவளக் கற்களைப் போல வெட்டிய அரை மி.மீ. துண்டுகளை வெளிப்புறத்தில் மட்டும் பதித்தேன். இரண்டே வாரத்தில் சுவர் காய்ந்த பனையோலை போல வளைந்துவிட்டது.

வெயில்தான் காரணம் என்று முதலில் எண்ணினேன்; பிழை பசையில் இருந்தது. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் அந்தத் திரவம் தகடுகளுக்கு நடுவே சிக்கி, வெளியேற வழியின்றி நாள்கணக்கில் அவற்றை இளக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கல் பதித்ததால் இழுவிசையும் ஒருபுறமாகவே சேர்ந்தது.

மறுமுறை, உள் தகட்டில் 2 செ.மீ. இடைவெளியில் சிறு துளைகள் இட்டு, பசையைத் தூரிகை நுனியால் ஓரங்களிலும் நடுவில் சில புள்ளிகளிலும் மட்டும் தொட்டுவைத்து, இரு கண்ணாடிகளுக்கிடையே பாரமேற்றி மூன்று நாள் உலரவிட்டேன். இடிந்த கட்டடத்தில் உட்புறமும் கண்ணில் படும் என்பதால், பிறகு இருபக்கமும் கற்களைப் பதித்தேன், துளைகளும் மறைந்தன. மழைக்காலம் கழிந்தபின் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, சாளர வளைவின் அருகில்கூட இடைவெளி தெரியவில்லை.