வீடு தேடும் முன் ஸ்கூல் போர்டைத் தேடுங்கள்: டல்லாஸ் பக்கம் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு

டல்லாஸ் பக்கம் வேலை மாறி வரும் நம் ஆட்கள் முதலில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: “பிளேனோவா, ஃபிரிஸ்கோவா? எந்த ஸ்கூல் பத்துக்குப் பத்து?” நானும் அப்படிக் கேட்டவன்தான். ஜில்லோ என்ற வீடு விற்பனைத் தளத்தில் பத்துக்குப் பத்து என்று காட்டிய ஒரு தொடக்கப் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வாங்கினோம். இரண்டு வருடம் போனது. பள்ளி எல்லைக் கோட்டை நகர்த்திவிட்டார்கள். எங்கள் தெரு முழுக்க இரண்டு மைல் தள்ளி வேறு பள்ளிக்குப் போய்விட்டது. தீர்மானம் நிறைவேறிய மறுவாரம் வந்த மின்னஞ்சலில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதற்கு முன் மூன்று கூட்டங்கள் நடந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசியிருக்கலாம். அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கோபத்தை யார்மேல் காட்டுவது? எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது.

சரி, அந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் கலெக்டர் உட்கார்ந்திருக்கும் மாவட்டம் இல்லை, பள்ளிகளை நடத்தும் அமைப்பு. ஐ.எஸ்.டி. (இண்டிபெண்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) என்று சொல்வார்கள். நகரத்துக்கும் கவுண்டிக்கும் கட்டுப்படாத தனி அமைப்பு அது. அதற்குத் தனி எல்லை, தனி வரி, தனி வாரியம். அந்த வாரியம்தான் ஸ்கூல் போர்டு. டெக்சாஸில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஊர் எல்லையும் பள்ளி மாவட்ட எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பிளேனோ நகரின் வடக்கு ஓரத்தில் வீடு வாங்கினால் பிள்ளை ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் படிக்க வேண்டியிருக்கலாம். மெக்கின்னியின் மேற்குப் பகுதியும் அப்படித்தான். ஃபிரிஸ்கோ நகருக்குள்ளேயே பிராஸ்பர், லூயிஸ்வில் பள்ளிகளுக்குப் போகும் தெருக்கள் உண்டு. ரியல்ட்டர் (வீட்டுத் தரகர்) வாய்வார்த்தையாகச் சொல்வதை விட்டுவிட்டு, வீட்டு முகவரியை அந்தந்த ஐ.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள்.

ஊரில் முதன்மைக் கல்வி அலுவலரை அரசாங்கம் நியமிக்கும். நமக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. இங்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ போன்ற மாவட்டங்களில் மக்கள் ஓட்டுப் போட்டு 7 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிரஸ்டி என்று பெயர். ஹூஸ்டன், டல்லாஸ் மாதிரி பெரிய மாவட்டங்களில் 9 பேர். சம்பளம் கிடையாது, மாநிலச் சட்டமே அப்படி. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட்டை வேலைக்கு எடுப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும், பட்ஜெட்டும் வரி விகிதமும், பள்ளி எல்லைகளும், வருடக் காலண்டரும், எந்தப் பள்ளியை மூடுவது என்பதும் இவர்கள் கையில். ஒரு ஆசிரியர்மேல் புகார் என்றால் இவர்களிடம் ஓடக் கூடாது. அதற்கு ஆசிரியர், பிரின்சிபல், மாவட்ட அலுவலகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். வாரியம் கடைசிப் படி.

வாரியத்தின் முடிவு பிள்ளையின் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பதற்கு அக்கம்பக்கத்து மூன்று ஊர்களைப் பார்த்தாலே போதும். ஆலன் ஐ.எஸ்.டி. ஒரே உயர்நிலைப் பள்ளி என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; 5,000 பேருக்கும் மேல் ஒரே பள்ளியில். ஃபிரிஸ்கோ அதற்கு நேர் எதிர்: சுமார் 2,000 பேர் வீதம் 12 உயர்நிலைப் பள்ளிகள். பிளேனோவில் 9, 10ஆம் வகுப்புகளுக்குத் தனிப் பள்ளிகள்; 11, 12க்கு சீனியர் ஹை என்று மூன்று பள்ளிகள். அமெரிக்கக் கால்பந்து அணியில் இடம், ஆர்க்கெஸ்ட்ராவில் நாற்காலி, வகுப்பு ரேங்க், எல்லாமே இதைப் பொறுத்து மாறும். (ஆலன் 2012இல் 6 கோடி டாலரில், 18,000 பேர் உட்காரும் கால்பந்து மைதானம் கட்டியது. இரண்டே வருடத்தில் கான்கிரீட் விரிசல் என்று மூடி, 2015இல் மறுபடி திறந்தார்கள். அந்தப் பணமும் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்த கடன்தான்.)

பள்ளி மூடுவது ஏதோ ஏழை ஊர்ச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் பிளேனோ வாரியம் டேவிஸ், ஃபோர்மன், ஆம்ஸ்ட்ராங், கார்பென்டர் என்று நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பிறப்பு குறைகிறது, பழைய பேட்டைகளில் வீட்டு விலை ஏறி இளம் குடும்பங்கள் வருவதில்லை, வகுப்பறை காலியாகிறது. லூயிஸ்வில்லும் அதே வழியில் போனது. ஆகவே வீடு பார்க்கும்போது இன்றைய மதிப்பெண்ணோடு நிற்காமல், அந்தப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் பாருங்கள். வாரியக் கூட்ட ஆவணங்களில் அது இருக்கும்.

இப்போது அந்த மதிப்பெண். ஜில்லோவில் தெரிவது கிரேட்ஸ்கூல்ஸ் என்ற தனியார் அமைப்பு போடுவது. மாநிலக் கல்வித் துறை தனியாக ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் போடுகிறது. அதை டிஎக்ஸ்ஸ்கூல்ஸ் தளத்தில் பார்க்கலாம். இரண்டும் ஒன்றில்லை. மாநிலக் கணக்கில் மூன்று பாகம்: பிள்ளைகள் எந்த அளவில் இருக்கிறார்கள், போன வருடத்தைவிட எவ்வளவு முன்னேறினார்கள், பின்தங்கிய பிரிவினருக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி எவ்வளவு. முதல் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், மூன்றாவதுக்கு 30. தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் அடிப்படை ஸ்டார் என்ற மாநிலத் தேர்வுதான். உயர்நிலையில் கல்லூரிக்கோ வேலைக்கோ தயாரானவர்கள் எத்தனை பேர், பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதும் சேரும்.

என் அபிப்பிராயத்தில் ‘முன்னேற்றம்’ என்ற பாகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குமோன் டியூஷனுக்கும் சனிக்கிழமைக் கணக்கு வகுப்புக்கும் நாம் அழும் பணத்தில் வந்த மதிப்பெண்ணும் பள்ளியின் பெருமையாகத்தான் கணக்கில் ஏறுகிறது. அப்பா அம்மா இருவரும் இன்ஜினியராக இருக்கும் பேட்டையில் பள்ளி பத்துக்குப் பத்து வாங்குவதில் என்ன அதிசயம்? இன்னொன்று: டெக்சாஸில் வகுப்பு ரேங்குக்கு மதிப்பு அதிகம். யூ.டி. ஆஸ்டின் என்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் தானாக இடம் கிடைக்க, 2026இல் சேருகிறவர்களுக்கு வகுப்பில் முதல் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாரும் முட்டி மோதும் பள்ளியில் அந்த 5 சதவீதம் எவ்வளவு கஷ்டம் என்று ஒன்பதாம் வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் நமக்கு உறைக்கிறது.

அந்தத் தரத்தைப் பற்றியே சண்டை உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கு ‘ஏ’ கிடைக்க, கல்லூரிக்கோ வேலைக்கோ தயாரானவர்கள் 60 சதவீதம் இருந்தால் போதும் என்றிருந்ததை மாநிலம் 88 ஆக உயர்த்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் வழக்குப் போட்டன. 2023ஆம் ஆண்டின் தரம் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. 2024, 2025 இரண்டும் 2025 ஆகஸ்டில் ஒன்றாக வந்தன. ஸ்டார் தேர்வையே எடுத்துவிட்டு, 2027-28இலிருந்து வருடத்துக்கு மூன்று சின்னத் தேர்வுகள் வைக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே பழைய தரத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து “இந்த ஸ்கூல் இறங்கிவிட்டது” என்று முடிவு கட்டாதீர்கள்.

பள்ளியின் தரம் குறைந்தால் மக்கள் போட்ட ஓட்டே செல்லாமல் போகும் என்பது ஹூஸ்டனுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பள்ளி ஐந்து வருடம் தொடர்ந்து தேறாவிட்டால், அதை மூட வேண்டும், இல்லையென்றால் மாவட்ட வாரியத்தையே மாநிலம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2015இல் ஒரு சட்டம் வந்தது. வீட்லி உயர்நிலைப் பள்ளி அப்படித் தொடர்ந்து தவறியது; வாரிய உறுப்பினர்களின் நடத்தை பற்றிய விசாரணையும் சேர்ந்துகொண்டது. வழக்குகள் முடிந்து, 2023 ஜூன் 1 அன்று மாநிலத்திலேயே பெரிய மாவட்டமான ஹூஸ்டனை அரசு எடுத்துக்கொண்டது. மைக் மைல்ஸ் சூப்பரின்டெண்டென்ட் ஆனார். மக்கள் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகள் பெயரளவில் இருக்கிறார்கள்; அதிகாரம் நியமிக்கப்பட்டவர்களிடம். 2025இல் இதை 2027 வரை நீட்டித்தார்கள். அதே 2025 அக்டோபரில் ஃபோர்ட் வொர்த் மாவட்டத்தையும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். தேர்வு மதிப்பெண் கூடியிருக்கிறது என்று ஒரு சாரார், ஆசிரியர்கள் ஓடுகிறார்கள், நூலகங்கள் போய்விட்டன என்று இன்னொரு சாரார். இரண்டுமே நடந்திருக்கிறது.

பணத்துக்கு வருவோம். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். ப்ராப்பர்டி டாக்ஸ் பில் வரும்போது தெரியும். அதில் பெரிய பங்கு பள்ளிக்குத்தான் போகிறது. வாடகை வீடு என்றால் அது வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. சொந்த வீடு வாங்கிக் குடியிருந்தால் ஹோம்ஸ்டெட் என்ற வரி விலக்குக்கு உடனே விண்ணப்பியுங்கள். பள்ளி வரிக்கு வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். இதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஓட்டுநர் உரிமத்தில் அந்த முகவரி இருக்க வேண்டும். நம் வரியில் ஒரு பகுதி ராபின் ஹூட் என்று செல்லமாக அழைக்கப்படும் ஏற்பாட்டில் மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது, 1993இலிருந்து நடக்கிறது. அதில் அதிகம் கட்டும் மாவட்டங்களில் பிளேனோவும் ஒன்று.

கட்டடத்துக்குக் கடன் வாங்க வேண்டுமென்றால் மக்களின் சம்மதம் கேட்டு பாண்ட் (கடன் பத்திரம்) தேர்தல் வைப்பார்கள். வரி விகிதம் ஏறாவிட்டாலும் ஓட்டுச் சீட்டில் ‘இது சொத்து வரி உயர்வு’ என்று அச்சிட வேண்டும் என்பது 2019 சட்டம். 2024 நவம்பரில் ஃபிரிஸ்கோவில் வரி விகித உயர்வும் 100 கோடி டாலருக்கு மேற்பட்ட பாண்டும் சேர்ந்தே தோற்றன.

அப்புறம், நாம் தெரியாமல் செய்யும் ஒரு காரியம். டெக்சாஸ் பள்ளிகளுக்கு மாநிலப் பணம் வருவது சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, தினமும் வந்த பிள்ளைகளின் சராசரியை வைத்து. டிக்கெட் மலிவு என்று டிசம்பர் விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே சென்னைக்குக் கிளம்பினால் மாவட்டத்துக்கு அந்தப் பத்து நாள் காசு போகிறது. பிள்ளைக்கும் ஆபத்து: 90 சதவீத வருகை இல்லையென்றால் அந்தப் பாடத்தை முடித்ததற்கான கிரெடிட் கிடைப்பது சிக்கல். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ மத அனுஷ்டானம் என்று எழுதிக் கொடுத்து லீவு எடுத்தால் அதைச் சட்டம் ஏற்கிறது. பாட்டி வீட்டுப் பயணத்தை அது ஏற்பதில்லை.

எச்-1பி, எல்-1, கிரீன் கார்டு, எதில் இருந்தாலும் ஓட்டுப் போடக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டுக்கு ஓட்டுப் போடலாம். அதைக் கேட்டுவிட்டு இங்கே முயல வேண்டாம். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்பார்கள். அவசரத்தில் ஆமாம் என்று டிக் அடித்துவிட்டு, பத்து வருடம் கழித்துக் குடியுரிமை நேர்காணலில் மாட்டிக்கொள்ளலாம். நாடு கடத்தும் அளவுக்குப் போகும் குற்றம் இது. விசாவில் இருப்பவர்கள் வேட்பாளருக்கு ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். சம்பளம் இல்லாமல் உதவி செய்வதற்கு யாருக்கும் தடையில்லை. நம் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளைகள். ஒரு வேட்பாளரை ஆதரித்து மேடையில் பேசினால் அந்த விலக்குக்கே ஆபத்து. எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். இட்லி சாம்பார் போட்டால் எல்லாரும் வருவார்கள்.

ஆனால் கூட்டத்தில் பேச விசாவும் தேவையில்லை, பாஸ்போர்ட்டும் தேவையில்லை. கூட்ட அஜெண்டாவை மூன்று வேலை நாள் முன்னதாகத் தளத்தில் போடுவார்கள். பெயரைப் பதிந்துகொண்டு போனால் இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவருக்கு நேரம் இரண்டு மடங்கு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பேரனைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா தமிழிலேயே பேசலாம். நான் முதல் முறை பேசி முடித்தபோது ஏழு பேரும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவமானப்படுத்திவிட்டார்கள் என்றே நினைத்து வீட்டுக்கு வந்தேன். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவர்கள் விவாதிக்கவே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. மறுமாதம் நான் பேசிய விஷயம் அஜெண்டாவில் ஏறியிருந்தது.

குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கு: பல மாவட்டங்களில் தேர்தல் மே மாத முதல் சனிக்கிழமை, சிலவற்றில் நவம்பர். முப்பது நாள் முன்னதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். கட்சிச் சின்னம் எதுவும் இருக்காது, பெயர் மட்டும்தான். அதனால் யார் என்ன சொன்னார்கள் என்று முன்பே படித்துவிட்டுப் போங்கள். உரிமம் கையில் இல்லையென்றால் புகைப்படம் ஒட்டிய குடியுரிமைச் சான்றிதழே அடையாளமாகச் செல்லும். வரிசை இருக்குமோ என்று பயப்படாதீர்கள். மே மாதத் தேர்தலில் நான் இதுவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை.