ஆஸ்பெர்கர் உள்ளவர்கள் தெரபிஸ்ட் தேடும்போது சறுக்கும் இடங்கள்

என் முதல் தெரபிஸ்டின் அறையில் ஒரு ட்யூப்லைட் சன்னமாக ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். 45 நிமிடமும் என் காதில் விழுந்தது அதுதான். 'லைட்டை அணைக்கலாமா?' என்று கேட்க எனக்கு நாலு செஷன் ஆனது. அதுவரை அவர் சொன்னதற்கெல்லாம் 'ம், சரி' என்று தலையாட்டினேன். நல்ல முன்னேற்றம் தெரிவதாக அவரும் சொல்லிவிட்டார்.

ஆஸ்பெர்கர் உள்ள நம்மில் பலர் செய்கிற பெரிய தவறு இது. உதவி கேட்டுப் போன இடத்திலும் வேஷத்தைக் கலைக்க மாட்டோம். கண்ணைப் பார்ப்பது, சரியான இடத்தில் சிரிப்பது எல்லாம் வருஷக்கணக்கில் பழகிப்போனவை. பார்க்கிறவருக்கு 'இவருக்கு என்ன பிரச்சினை?' என்றுதான் தோன்றும். சுவரைப் பார்த்துப் பேசினால்தான் யோசனை ஓடும் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறாரா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

தேடுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) 'ஆஸ்பெர்கர்' என்ற தனிப்பெயரை எடுத்துவிட்டு ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே குடைக்குள் சேர்த்துவிட்டது. அதனால் பழைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நல்ல ஆட்கள் சிலர் கண்ணில் படாமல் போவார்கள். ஆட்டிசம் என்று கேளுங்கள்.

போர்டை மட்டும் பார்த்து நுழையவும் வேண்டாம். மருந்து வேண்டுமென்றால் மனநல மருத்துவர். பேச்சுவழி சிகிச்சைக்குப் பெரும்பாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த எண் பாதிக் கதைதான். ஆட்டிசம் என்றால் குழந்தைகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் நிறையப் பேர். 'பெரியவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?' என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். 'நல்லாத்தானே பேசுறீங்க, உங்களுக்கா ஆட்டிசம்?' என்று பதில் வந்தால் ஆட்டோ காசு மிச்சம். ஆட்டிசத்தையே குணப்படுத்துவதாகச் சொல்பவரிடமும் போக வேண்டாம். பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை, வேலையிடத்துச் சிக்கல், இவற்றுக்குத்தான் நாம் உதவி தேடுகிறோம்.

வீட்டாரைக் கூட்டிப்போனால் இன்னொரு ஆபத்து. எனக்கான கேள்விக்கு அம்மா பதில் சொன்னார். கடைசியில், 'கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?' அப்புறம் நாலு செஷன் அதிலேயே போயிற்று. எதற்காக வந்திருக்கிறோம் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதி முதலில் கொடுத்துவிடுங்கள்.

'இப்ப மனசுக்கு எப்படி இருக்கு?' என்ற கேள்விக்கு உடனே பதில் வரவில்லையே என்று வெட்கப்படுவதும் வேண்டாத வேலை. உள்ளே என்ன ஓடுகிறது என்று பெயர் சொல்ல முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர்; ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது அதிகம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு சி.பி.டி. சிகிச்சையை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழி சிகிச்சை) மாற்றித் தரச் சொல்கிறது: எழுத்திலும் படத்திலும் விளக்கம், நேரடியான பேச்சு, நடுநடுவே இடைவேளை, அவருக்குப் பிடித்த விஷயத்தைச் சேர்த்துக்கொள்வது. இதையெல்லாம் சலுகை என்று நினைத்துத் தயங்காதீர்கள், கேளுங்கள்.

இப்போது நான் போகும் மேடம் இரண்டாவது செஷனில் எனக்கு ரயில் பைத்தியம் என்று கண்டுபிடித்தார். 'சரி, மனசு எப்படி இருக்குன்னு சிக்னல்லயே சொல்லுங்க' என்றார். பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு. 'ஆபீஸ்ல காலையில இரட்டை மஞ்சள், மீட்டிங் முடிஞ்சதும் சிவப்பு' என்றேன். மீட்டிங்கில் என்ன நடந்தது என்று அங்கிருந்து பிடித்துக்கொண்டார். முந்தையவரிடம் எட்டு மாதம் பேசியும் இந்த இடத்துக்கு வந்ததில்லை.

எட்டு மாதமா என்று கேட்பீர்கள். ஆமாம். ஒத்துவரவில்லை என்று மூன்றாவது மாதமே தெரியும். எப்படிச் சொல்லி நிற்பது என்று தெரியாததால் போய்க்கொண்டே இருந்தேன். நாலைந்து செஷனில் எதுவும் நகரவில்லை என்றால் முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள், மாற்றிக்கொள்கிறவரும் உண்டு. அதற்கும் நகரவில்லையென்றால், 'அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை, இதுவரை பார்த்ததற்கு நன்றி' என்று ஒரு மெசேஜ் போதும். நான் இதை எழுதி, அழித்து, எழுதி மூன்று வாரம் தூங்காமல் கிடந்தேன். அனுப்பிய இரண்டாவது நிமிடம் பதில் வந்தது: 'ஓகே, டேக் கேர்.'