கம்ப்யூட்டரை ஜெயித்தால் போதுமா? ஃபைட்டிங் கேம் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைட்டிங் கேம், அதாவது இருவர் திரையில் நேருக்கு நேர் சண்டை போடும் வீடியோ கேம், பழகுபவர்கள் பெரும்பாலும் முதலில் மோதுவது கம்ப்யூட்டரோடுதான். அதில் தப்பில்லை. எந்தப் பட்டனுக்கு எந்த அடி, அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதெல்லாம் அங்கேதான் கைக்குப் படியும். மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவதுதான் தவறு.

நானும் அப்படித் தங்கியவன்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் கம்ப்யூட்டரைக் கடினமான நிலையில் வைத்து ஜெயித்த பிறகே ஆன்லைனுக்குப் போனேன். முதல் ஆட்டத்தில் தாவிப் போய் உதைத்தேன். எதிராளி ஷோரியுகென், அதாவது மேலே எழும்பிக் குத்தும் அடி, போட்டு அந்தரத்திலேயே அடித்தார். மறுபடி தாவினேன், மறுபடி அதே அடி. மூன்றாவது முறை அவர் வேறெதுவும் செய்யாமல் என் தாவலுக்காகவே காத்திருந்தார். கம்ப்யூட்டரிடம் அந்தத் தாவல் நாள் முழுக்கப் பலித்தது. ஒரே அடியில் பத்து முறை விழுந்தாலும் பதினோராவது முறையும் அது விழும். மனிதர் இரண்டாவது தடவையே கணக்குப் போட்டுவிடுவார்.

அடுத்தது, தண்டனை கிடைக்காத அடியைப் பத்திரமான அடி என்று நம்புவது. ரியூ என்ற பாத்திரத்தின் ஷோரியுகென்னை எதிராளி தடுத்துவிட்டால், உங்களைவிட 20 ஃபிரேமுக்கும் மேல் முன்னதாக அவர் அசைய முடியும். ஃபிரேம் என்பது திரையில் வரும் ஒரு படம், விநாடிக்கு 60 ஃபிரேம். ஆக, மூன்றில் ஒரு பங்கு விநாடி. அதற்குள் முழு காம்போவே, அதாவது தொடர் அடியே, போட்டுவிடலாம். எளிய நிலையில் உள்ள கம்ப்யூட்டர் பல சமயம் அந்த வாய்ப்பைச் சும்மா விட்டுவிடும். நாமும் விழுந்து எழுந்தவுடன் ஷோரியுகென், மாட்டிக்கொண்டால் ஷோரியுகென் என்று பழகிவிடுவோம். கையில் ஏறிய இந்தப் பழக்கத்தை இறக்குவது, புதிதாக ஒன்றைக் கற்பதைவிடக் கஷ்டம்.

சரி, கடின நிலையை வைத்தால் தீர்ந்துவிடுமா? அங்கே வேறு சிக்கல். மனிதருக்குக் கண்ணால் பார்த்துக் கை நகர்த்தவே ஏறக்குறைய கால் விநாடி, அதாவது 15 ஃபிரேம் பிடிக்கும். கம்ப்யூட்டர் பார்க்க வேண்டியதே இல்லை. நீங்கள் பட்டனை அழுத்தியது அந்த நொடியே அதற்குத் தெரியும். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல், கைல் என்ற பாத்திரம் சோனிக் பூம் என்ற எறி அடியை வீச வேண்டுமென்றால் நாம் சற்று நேரம் பின்பக்கம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் கைலோ முன்னால் நடந்து வந்தபடியே வீசுவான். இப்படிப்பட்ட எதிரியிடம் அடிபட்டு, நல்ல அடிகளையே கைவிட்டவர்கள் உண்டு. ஃபயர்பால், அதாவது தூரத்திலிருந்து எறியும் அடி, போட்டவுடன் கம்ப்யூட்டர் தாவி வந்து அடிக்கிறதே என்று அதை மறந்துவிடுவார்கள். சரியான தூரத்தில் போட்டால் மனிதர்களிடம் அருமையாக எடுபடும் அடி அது.

எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது இன்னொன்று. இரண்டு முறை காலை வாரிவிட்டால் எதிராளி குனிந்தே தடுக்க ஆரம்பிப்பார். அப்புறம் மேலிருந்து இறங்கும் அடி பலிக்கும், அல்லது பக்கத்தில் போய்ப் பிடித்து எறியலாம். இந்த விளையாட்டின் உயிரே இதுதான். கம்ப்யூட்டருக்குப் பயம் கிடையாது. அதனால் எதிராளியைப் பயமுறுத்தி வழிக்குக் கொண்டுவரும் வித்தையை அதனிடம் பழகவே முடியாது. 2024-இல் வந்த டெக்கன் 8 கேமில் ஆட்டக்காரர்களின் பாணியைக் கற்றுக்கொள்ளும் கோஸ்ட் என்ற கம்ப்யூட்டர் எதிராளி இருக்கிறது. சாதாரண கம்ப்யூட்டரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் மிச்ச உயிரைக் காட்டும் உயிர்க்கோடு குறையும்போது மனிதருக்கு வரும் பதற்றம் அதற்கு வராது.

கம்ப்யூட்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. டிரெய்னிங் மோடில் இருக்கும் டம்மியை, அதாவது நாம் சொன்னபடி ஆடும் பயிற்சி எதிராளியை, பயன்படுத்துங்கள். நேற்று உங்களைத் தோற்கடித்த அடி எதுவோ, அதை டம்மிக்குப் பதிவு செய்து கொடுங்கள். கூடவே வேறு இரண்டு அடிகளையும் பதிவு செய்து, மூன்றும் மாறி மாறி வரும்படி வையுங்கள். எது வரப்போகிறது என்று தெரியாமல் தடுத்து, உடனே திருப்பி அடிக்கப் பழகுங்கள். பத்து நிமிடம் போதும். அதன்பின் ஒரு மனிதரோடு ஆடுங்கள், தோற்றால் ரீப்ளேயைப் பாருங்கள், அடுத்து டம்மிக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.