பைக்கில் கேம்பிங் மூட்டை கட்டும்போது

மூட்டையை ஒழுங்காகக் கட்டினோமா என்பது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தெரிந்துவிடும். தண்ணீர், அடுப்பு, ஸ்பேனர் போன்ற கனமானவை பக்கப் பைகளின் அடியில், இருபுறமும் சம எடையாக இருக்கட்டும். பின்சீட்டின் மேல் ஸ்லீப்பிங் பேக், துணிமணி மட்டும். அங்கே எடை ஏறினால் வளைவில் வண்டி தள்ளாடும்.

டென்ட்டை உறையோடு அப்படியே கட்டாதீர்கள். கம்பிகளை உருவி, வண்டியின் நீளவாக்கில் தனியாகக் கட்டுங்கள். துணியை மடிக்கவே வேண்டாம். பைக்குள் திணித்தால் சந்துபொந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். தடித்த குப்பைப் பை ஒன்றை உள்ளே விரித்துவிட்டால் மழைக்கும் கவலையில்லை.

சைலன்சர் பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், நைலான் உருகிவிடும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு எனக்கு ஆகாது. தெறித்தால் கண், கழன்றால் சக்கரம். பக்கிள் வைத்த பட்டை இரண்டு போதும். தொங்கும் நுனியை மறக்காமல் செருகுங்கள். 15 கிலோமீட்டர் போனதும் டீக்கடையில் நிறுத்தி இன்னொருமுறை இறுக்குங்கள். துணி மூட்டை அதற்குள் அமுங்கித் தளர்ந்திருக்கும்.